கிரேன் தூக்கும் முன் முடிந்துவிட்ட வீடு: சிங்கப்பூர்க் கட்டுமானத் துறையில் கணினி செய்த மாற்றம்

சிங்கப்பூரில் ‘கிளமென்ட் கேனபி’ என்ற பெயரில் 40 மாடிக் கோபுரங்கள் இரண்டு நிற்கின்றன. 505 வீடுகள். கட்டி முடித்த ஆண்டு 2019. தெருவிலிருந்து பார்த்தால் அந்த ஊரின் மற்ற அடுக்குமாடிகளுக்கும் இதற்கும் வேறுபாடு தெரியாது. கட்டிய விதம்தான் வேறு. 1,866 கான்கிரீட் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எழுப்பியிருக்கிறார்கள். பெட்டிகள் மலேசியாவின் ஜோகூர் மாநிலத்தில் உள்ள செனாயில் வார்க்கப்பட்டன. எல்லை தாண்டி சிங்கப்பூரின் துவாஸுக்கு வந்து, அங்கே ஜன்னல், தரை ஓடு, குழாய், மின்கம்பி, பெயின்ட் என்று உள்வேலைகள் நடந்தன. பிறகு லாரியில் ஏறிக் கட்டுமானத் தளத்துக்குப் போய், கிரேனில் தொங்கி, தன் இடத்தில் உட்கார்ந்தன.

இப்படிக் கட்டும்போது ஒரு சிக்கல் வரும். வழக்கமான கட்டடத்தில் குளியலறைக் கழிவுநீர்க் குழாய்க்கு ஓட்டை விட மறந்துவிட்டால், உளியும் சுத்தியலும் கொண்டு ஒரு நாளில் சரிசெய்துவிடலாம். மேஸ்திரி திட்டுவார், பொறியாளர் கையைப் பிசைவார், அவ்வளவுதான். ஆனால் ஓடு பதித்துப் பெயின்ட் அடித்து 25-ஆவது மாடியில் வைத்த பெட்டியில் ஓட்டை சில அங்குலம் தள்ளியிருந்தால், அதே அச்சில் வார்த்த அத்தனை பெட்டிகளிலும் அது தள்ளித்தான் இருக்கும். ஆகவே எந்தக் குழாய் எங்கே போகிறது, எந்த மின்பெட்டி எந்தச் சுவரில் வருகிறது என்ற முடிவுகள் எல்லாம் முதல் பெட்டியை வார்ப்பதற்கு முன்பே எடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

கட்டுமானத்தில் டிஜிட்டல் தொழில்நுட்பம் என்றால் பலருக்கும் டிரோனும், செங்கல் அடுக்கும் ரோபோவும், முப்பரிமாண அச்சில் வீடு கட்டும் காணொளிகளும் நினைவுக்கு வருகின்றன. அவையும் உண்டு. ஆனால் ஒரு நாட்டின் கட்டுமானத் துறையையே புரட்டிப்போடுவது அவற்றைவிடச் சலிப்பான ஒரு விஷயம். முடிவுகள் எடுக்கப்படும் நேரம் முன்னால் நகர்வதுதான் அது. சிங்கப்பூர் இதை 30 ஆண்டுகளாகச் செய்துவருகிறது. சட்டம் போட்டும், பணம் கொடுத்தும், சில இடங்களில் சறுக்கியும். இந்த விஷயத்தைப் புதிதாகத் தெரிந்துகொள்கிறவர்களுக்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

இரண்டு கோடும் ஒரு சுவரும்

பழைய முறையில் கணினியில் வரைந்தாலும் அது வரைபடம்தான். பக்கத்தில் பக்கமாக இரண்டு கோடுகள் போட்டால் சுவர். அது சுவர் என்பது பார்க்கிற மனிதருக்குத்தான் தெரியும், கணினிக்குத் தெரியாது. அதற்கு அவை வெறும் கோடுகள். தரைத்தளப் படத்தில் சுவரை நகர்த்தினால் முகப்புப் படத்தில் அது பழைய இடத்திலேயே நிற்கும். யாராவது மறக்காமல் அதையும் திருத்த வேண்டும். பெரிய கட்டடத்துக்கு இப்படி ஆயிரக்கணக்கான தாள்கள். தாளுக்குத் தாள் முரண்படாமல் இருந்தால்தான் அதிசயம்.

பிம் என்று துறையில் சுருக்கமாகச் சொல்லப்படும் கட்டடத் தகவல் மாதிரியில் கோடு கிடையாது, பொருள்தான் உண்டு. சுவரைப் போட்டால் அது சுவர் என்று கணினிக்குத் தெரியும். அதன் நீளம், உயரம், தடிமன் தெரியும். செங்கல்லா கான்கிரீட்டா, எத்தனை மணி நேரம் தீயைத் தாங்கும், எந்த மாடியைச் சேர்ந்தது, அதில் எந்தக் கதவு பொருந்தியிருக்கிறது என்பதும் தெரியும். தரைத்தளப் படம், முகப்புப் படம், வெட்டுப் படம் எல்லாம் இந்த ஒரே மாடலிலிருந்து எடுக்கப்படும் காட்சிகள். சுவரை ஒரு முறை நகர்த்தினால் எல்லாவற்றிலும் நகரும். எத்தனை கன மீட்டர் கான்கிரீட் தேவை, எத்தனை கதவு வாங்க வேண்டும் என்று கேட்டால் எண்ணிச் சொல்லும்.

முப்பரிமாணப் படம் என்பதோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. விளம்பரத்துக்காக வரையப்படும் அழகான முப்பரிமாணப் படத்தில் சுவருக்குத் தோல் மட்டுமே இருக்கும். பிம் மாடல் பார்ப்பதற்குச் சுமாராக இருக்கலாம். அதன் மதிப்பு உள்ளே இருக்கும் தகவலில்.

இதன் முதல் பயன் மோதல்களை முன்கூட்டியே கண்டுபிடிப்பது. ஒரு கட்டடத்தைக் கட்டடக் கலைஞர் தனியாக வரைகிறார். தூண், உத்தரம், தளம் ஆகியவற்றைக் கட்டமைப்புப் பொறியாளர் வரைகிறார். குளிரூட்டும் குழாய், தண்ணீர்க் குழாய், மின்சாரம், தீயணைப்பு என்று சேவைப் பொறியாளர்கள் தங்கள் பங்கை வரைகிறார்கள். எல்லாம் கூரைக்கும் பொய்க்கூரைக்கும் நடுவில் இருக்கும் அந்த ஒன்றிரண்டு அடி இடைவெளியில்தான் வந்து சேரும். பழைய வழக்கத்தில் அங்கே யார் முதலில் வந்தாரோ அவருக்கு இடம். பிளம்பர் முந்திக்கொண்டால் குளிரூட்டும் ஆள் வளைத்து நெளித்துப் போவார். கடைசியில் வருகிறவர் உத்தரத்தைத் துளைக்கலாமா என்று கேட்டுக்கொண்டு வருவார்.

பிம் முறையில் எல்லோருடைய மாடலையும் ஒன்றன்மீது ஒன்று ஏற்றி, எங்கெல்லாம் ஒரு பொருள் இன்னொன்றின் உடம்புக்குள் புகுந்திருக்கிறது என்று மென்பொருளைக் கேட்கலாம். முதல் தடவை ஓட்டும்போது பட்டியல் ஆயிரக்கணக்கில் வரும். பார்த்து மிரள வேண்டாம். பெரும்பாலானவை அற்பமானவை. சுவரைத் துளைத்துப் போக வேண்டிய குழாய் துளைத்துப் போயிருக்கும், அதையும் மோதல் என்று மென்பொருள் சொல்லும். அந்தக் குவியலில் உண்மையான தகராறுகளைப் பொறுக்கியெடுப்பதுதான் பிம் ஒருங்கிணைப்பாளர் என்ற புதிய வேலையின் சாரம். பிறகு எல்லோரும் ஒரு திரைக்கு முன் உட்கார்ந்து யார் விலகுவது என்று பேச வேண்டும். அதற்கு எழுதாத சட்டங்கள் உண்டு. கழிவுநீர்க் குழாய்க்கு வாட்டம் தேவை, அதனால் பெரும்பாலும் அது நகராது. குளிரூட்டும் காற்றுக் குழாய் பெரியது, அதைத் திருப்புவது கடினம். மின்கம்பித் தட்டும் தீயணைப்புத் தெளிப்பான் குழாயும் சிறியவை, அவைதான் விட்டுக்கொடுக்கும். இந்தப் பேச்சு முன்பும் நடந்தது. சைட்டில், வெயிலில், வேலை நின்றுபோன பிறகு நடந்தது.

ஏன் சிங்கப்பூர்?

முதல் காரணம் ஆள். இந்தியா, பங்களாதேஷ், சீனா, மியன்மார் முதலிய நாடுகளிலிருந்து வரும் ஊழியர்களை நம்பித்தான் அங்கே கட்டடம் எழும்புகிறது. தமிழ்நாட்டின் பல கிராமங்களில் ‘ஸ்கில் டெஸ்ட்’ என்ற சொல் எல்லோருக்கும் தெரியும். சிங்கப்பூர் அரசின் கட்டட, கட்டுமான ஆணையத்தின் அங்கீகாரம் பெற்ற சோதனை நிலையத்தில் கம்பி கட்டுவதிலோ ஓடு பதிப்பதிலோ தேறி, சான்றிதழோடு விமானம் ஏறுவது அங்கே வழக்கம். ஆனால் எத்தனை பேரை வரவழைக்கலாம் என்பதற்கு சிங்கப்பூர் அரசு வரம்பு வைத்திருக்கிறது. ஒவ்வொருவருக்கும் நிறுவனம் மாதந்தோறும் அரசுக்குத் தீர்வை கட்ட வேண்டும். குறைந்த ஆட்களைக் கொண்டு கட்டு என்ற நெருக்குதல் அந்நாட்டின் கட்டுமானக் கொள்கையில் தொடர்ந்து இருந்துவருகிறது.

இரண்டாவது காரணம் அரசின் பிடி. நிலத்தில் பெரும்பகுதி அரசுடையது. மக்களில் சுமார் 80 விழுக்காட்டினர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய வீடுகளில் வசிக்கிறார்கள். நிலத்தை விற்பதும், வரைபடத்துக்கு ஒப்புதல் தருவதும், மிகப் பெரிய வாடிக்கையாளராக நின்று கட்டச் சொல்வதும் ஒரே அரசின் கைகள். ஆயிரக்கணக்கான சிறு ஒப்பந்தக்காரர்கள் சிதறிக் கிடக்கும் ஒரு துறையை அவர்கள் விருப்பத்துக்கு விட்டு மாற்ற முடியாது என்பது என் கருத்து. யாருக்கும் தானாக மாற வேண்டிய அவசியம் இல்லை. பிம் செய்ய முதலில் செலவழிப்பவர் வடிவமைப்பாளர். சைட்டில் மிச்சம் பிடிப்பவர் ஒப்பந்தக்காரர். செலவு ஒருவருக்கு, லாபம் இன்னொருவருக்கு. வெளியிலிருந்து ஒருவர் தள்ளித்தான் ஆக வேண்டும்.

தள்ளல் 1995-இல் ‘கோர்நெட்’ என்ற திட்டத்தோடு தொடங்கியது. வரைபடச் சுருள்களை அலுவலகம் அலுவலகமாகத் தூக்கிக்கொண்டு அலைவதற்குப் பதில் இணையம் வழியாகச் சமர்ப்பிக்க வழிசெய்வது அதன் நோக்கங்களில் ஒன்று. 2000-களின் தொடக்கத்தில் அது நடைமுறைக்கும் வந்தது. அதே காலத்தில், விதிகளுக்கு ஏற்ப வடிவமைப்பு இருக்கிறதா என்று கணினியே சரிபார்க்கும் ‘இ-பிளான்செக்’ என்ற முயற்சியும் நடந்தது. உலகின் கவனத்தை ஈர்த்தாலும் அது காலத்தை மிகவும் முந்திக்கொண்டது. வடிவமைப்பாளர்களில் பெரும்பாலோர் அப்போது கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். கோட்டைப் பார்த்துக் கணினி எதைச் சரிபார்க்கும்?

2010-இல் கட்டட, கட்டுமான ஆணையம் பிம்முக்கான செயல்திட்டத்தை வெளியிட்டது. 2015-க்குள் துறையில் 80 விழுக்காட்டினர் பிம் பயன்படுத்த வேண்டும் என்பது இலக்கு. மென்பொருள் வாங்கவும் ஆட்களைப் பயிற்றுவிக்கவும் நிதியுதவி தந்தார்கள். பிறகு கட்டாயம் வந்தது. 2013-இல் 20,000 சதுர மீட்டருக்கு, அதாவது சுமார் 2 லட்சத்து 15 ஆயிரம் சதுர அடிக்கு, மேற்பட்ட புதிய கட்டடங்களின் கட்டடக்கலை மாடலைச் சமர்ப்பிக்க வேண்டும். 2014-இல் அதே அளவுக் கட்டடங்களின் பொறியியல் மாடல்களும். 2015-இல் வரம்பு 5,000 சதுர மீட்டராக இறங்கியது. கேரட்டையும் பிரம்பையும் இவ்வளவு ஒழுங்காக அட்டவணை போட்டுக் காட்டிய நாடுகள் குறைவு.

அனுமதிக்காக ஒரு மாடல், வேலைக்காக ஒரு படம்

நடந்தது என்ன? விதி நிறைவேறியது, நோக்கம் பாதிதான் நிறைவேறியது. பல அலுவலகங்களில் வடிவமைப்பு முழுவதையும் பழையபடி கோட்டு வரைபடத்தில் முடித்தார்கள். பிறகு அந்த வரைபடத்தை ஒரு மாடலரிடம் கொடுத்து, சமர்ப்பிப்பதற்காக ஒரு மாடல் செய்யச் சொன்னார்கள். சில நேரம் அந்த மாடலர் வேறு நாட்டில் இருப்பார். சென்னை, கோவை போன்ற நகரங்களில் வெளிநாட்டுக் கட்டடங்களுக்கு மாடல் செய்து கொடுக்கும் அலுவலகங்கள் இருக்கின்றன. அந்தத் தொழில் நல்ல தொழில்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் முடிவெடுத்த பிறகு செய்யப்படும் மாடலால் முடிவை மாற்ற முடியாது. சைட்டுக்குப் போவது பழைய வரைபடம். மாடல் கோப்பில் தூங்கும்.

இதற்குச் சோம்பலை மட்டும் காரணம் சொல்வது நியாயமில்லை. ஒப்பந்தத்தில் சட்டப்படி செல்லுபடியானது பெரும்பாலும் வரைபடத் தாளாகவே இருந்தது. மாடலில் ஒன்றும் தாளில் ஒன்றும் இருந்தால் நீதிமன்றத்தில் தாள்தான் பேசும் என்றால், பொறுப்புள்ள பொறியாளர் எதைக் கவனமாகப் பார்ப்பார்? அதோடு, வடிவமைப்பாளர் தன் மாடலை ஒப்பந்தக்காரரிடம் கொடுத்தால், அதில் உள்ள பிழைக்கும் தானே பொறுப்பேற்க வேண்டியிருக்குமோ என்ற பயம் உண்டு. ஒப்பந்தக்காரர் தாளை வைத்துத் தன் மாடலைத் தானே மறுபடி கட்டிக்கொள்வார். ஒரே கட்டடத்துக்கு இரண்டு மாடல், இரண்டு செலவு.

இந்தக் குறைக்கு விடையாக 2017-இல் வந்த கட்டுமானத் துறை உருமாற்றச் செயல்திட்டமும், 2018-இல் வந்த ஒருங்கிணைந்த மின்னிலக்கத் திட்டமும் கேள்வியை மாற்றிப்போட்டன. மாடல் இருக்கிறதா என்று கேட்பதை விட்டு, வடிவமைப்பு, தொழிற்சாலைத் தயாரிப்பு, தளத்தில் பொருத்துதல், பின்னாளைய பராமரிப்பு ஆகிய நான்கு கட்டங்களிலும் ஒரே தகவல் கைமாறுகிறதா என்று கேட்கத் தொடங்கினார்கள். நடைமுறையில் இது ஒரு பொதுத் தகவல் களஞ்சியமாக உருவெடுக்கிறது. எல்லோரும் கோப்புகளை அங்கே வைக்கிறார்கள். எது வரைவு, எது பகிரத் தயார், எது கட்டுவதற்கு உறுதியானது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிலை இருக்கும். யார் எப்போது எதை மாற்றினார் என்ற தடமும் இருக்கும். மின்னஞ்சலில் ‘இறுதி’, ‘உண்மையான இறுதி’ என்று பெயரிட்ட கோப்புகள் சுற்றிக்கொண்டிருந்த அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இந்த இடத்தில் ஒரு பழைய விபத்தைச் சொல்ல வேண்டும். 1986 மார்ச் 15 அன்று சிங்கப்பூரின் சிராங்கூன் சாலை அருகே, நியூ வோர்ல்ட் ஹோட்டல் இயங்கிவந்த ஆறு மாடி லியான் யாக் கட்டடம் ஒரு நிமிடத்துக்குள் சரிந்து விழுந்தது. 33 பேர் இறந்தார்கள். விசாரணையில் வெளிவந்தது நம்ப முடியாத காரணம். கட்டமைப்புக் கணக்குப் போட்டபோது, உள்ளே வரும் மனிதர்கள், சாமான்கள் ஆகியவற்றின் எடையைச் சேர்த்திருந்தார்கள். கட்டடத்தின் சொந்த எடையைச் சேர்க்கவில்லை. கணக்குப் போட்டவர் தகுதிபெற்ற பொறியாளரும் இல்லை. அதன் பிறகு, கட்டமைப்பு வடிவமைப்பைத் தொடர்பில்லாத இன்னொரு பொறியாளர் சரிபார்த்தே ஆக வேண்டும் என்ற விதி சட்டமானது.

பிம் இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று சொல்லிவிடலாம். மாடலுக்குக் கான்கிரீட்டின் கன அளவு தெரியும், எடையும் தெரியும். ஆனால் நான் அப்படிச் சொல்லத் தயங்குகிறேன். மாடலில் உத்தரத்தின் பொருள் ‘கான்கிரீட்’ என்று நிரப்பப்படாமல் காலியாக இருந்தால் எடை பூஜ்யம் என்றுகூட வரலாம். தவறான தகவலை அழகான வண்ணத்தில் காட்டும் திறமை கணினிக்கு உண்டு. 1986-க்குப் பின் வந்த அந்த இரண்டாவது மனிதக் கண் இன்றும் சட்டத்தில் இருப்பது நல்லது.

மூன்று வாசல்கள்

2023 டிசம்பரில், முன்பு சொன்ன கோர்நெட்டின் புதிய வடிவமான ‘கோர்நெட் எக்ஸ்’ தொடங்கப்பட்டது. தொடக்கத்தில் விரும்பியவர்கள் பயன்படுத்தலாம் என்ற நிலை. 2025 அக்டோபர் முதல் 30,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள புதிய திட்டங்களுக்குக் கட்டாயம்.

முந்தைய நடைமுறையில், திட்ட அனுமதிக்கு நகர மறுசீரமைப்பு ஆணையம், கட்டமைப்புக்குக் கட்டட, கட்டுமான ஆணையம், தீப் பாதுகாப்புக்குக் குடிமைத் தற்காப்புப் படை, சாலைக்கும் வாகன நிறுத்தத்துக்கும் நிலப் போக்குவரத்து ஆணையம், வடிகாலுக்குப் பொதுப் பயனீட்டுக் கழகம், மரங்களுக்குத் தேசியப் பூங்காக் கழகம், சுகாதாரத்துக்குத் தேசியச் சுற்றுப்புற வாரியம் என்று ஒவ்வொன்றும் தன் போக்கில் தனித்தனியாகப் பார்த்தது. வடிகாலுக்காக ஒன்றை நகர்த்தினால் மரத்துக்கான அனுமதி குலையும். மரத்தைக் காப்பாற்றினால் வாகன வழி குறுகும். ஒப்புதல் பெற வேண்டிய கட்டங்கள் இருபதுக்கும் மேல்.

புதிய முறையில் மூன்று முக்கிய வாசல்கள். வடிவமைப்பு வாசல், அடித்தூண் வாசல், கட்டுமான வாசல். ஒவ்வொன்றிலும் எல்லா அமைப்புகளும் ஒரே ஒருங்கிணைந்த மாடலைப் பார்த்து ஒரே பதிலைத் தர வேண்டும். இதில் நான் முக்கியமாகக் கருதுவது மென்பொருளை அல்ல. ஏழு அரசு அமைப்புகள் தங்களுக்குள் பேசி முரண்பாட்டைத் தீர்த்துக்கொண்ட பிறகே விண்ணப்பதாரரிடம் வர வேண்டும் என்ற ஏற்பாட்டை. முன்பு அந்த முரண்பாடுகளைச் சுமந்துகொண்டு அலுவலகத்துக்கு அலுவலகம் ஓடியவர் கட்டடக் கலைஞர்.

மாடல் எந்த மென்பொருளில் செய்யப்பட்டது என்பதை அரசு பார்ப்பதில்லை. ஒருவர் ரெவிட்டில் செய்வார், இன்னொருவர் ஆர்க்கிகேடில், எஃகு வேலைக்காரர் டெக்லாவில். எல்லோரும் ஐஎஃப்சி என்ற பொதுக் கோப்பு வடிவத்துக்கு மாற்றித் தர வேண்டும். இது 1990-களில் பிறந்த திறந்த வடிவம். எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லை. சர்வதேசத் தரமாகவும் ஏற்கப்பட்டது. சிங்கப்பூர் அதன்மேல் தன் விதிகளுக்குத் தேவையான தகவல்களைச் சேர்த்து ‘ஐஎஃப்சி-எஸ்ஜி’ என்று வைத்திருக்கிறது. கதவு என்று போட்டால் மட்டும் போதாது. அது தீத்தடுப்புக் கதவா, எத்தனை நிமிடம் தாங்கும் என்று குறித்த இடத்தில் குறித்த பெயரில் எழுதியிருக்க வேண்டும். மாடல் எஸ்விஒய்21 என்ற அந்நாட்டு நில அளவை முறையின்படி சரியான இடத்தில் நிற்கவும் வேண்டும்.

இப்படி ஒழுங்கான தகவல் இருந்தால் சில விதிகளைக் கணினியே சரிபார்க்கலாம். நடைபாதையின் அகலம், படியின் உயரம், அறையின் பரப்பு ஆகியவை எண்கள். எண்ணை எண்ணோடு ஒப்பிடுவது எளிது. 2000-களில் காலத்தை முந்திய கனவு இப்போதுதான் மெல்லத் தரையில் இறங்குகிறது. ஆனால் ‘போதுமான’, ‘தக்க’ என்று விதியில் சொற்கள் வரும் இடங்களில் கணினி விழிக்கும். அப்படிப்பட்ட சொற்கள் கட்டட விதிகளில் ஏராளம்.

தொழிற்சாலைக்கு நகர்ந்த சைட்

முதலில் சொன்ன பெட்டிக் கட்டுமானத்துக்குத் துறையில் பிபிவிசி என்று பெயர். 2014 நவம்பர் முதல், அரசு விற்கும் நிலங்களில் தேர்ந்தெடுத்த சிலவற்றில் இப்படித்தான் கட்ட வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். 2016-இல் திறந்த சாங்கி விமான நிலைய கிரவுன் பிளாசா ஹோட்டலின் 10 மாடி விரிவாக்கம் எஃகுப் பெட்டிகளால் ஆனது. 2023-இல் முடிந்த ‘அவென்யூ சவுத் ரெசிடென்ஸ்’ 56 மாடி, 192 மீட்டர் உயரம். நேரத்திலும் ஆள்தேவையிலும் 40 விழுக்காடு வரை மிச்சப்படுத்தலாம் என்பது ஆணையத்தின் கணிப்பு.

‘வரை’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். பெட்டிகளைச் சேமித்துவைக்க இடம் வேண்டும். சிங்கப்பூரில் இல்லாதது அதுதான். பெட்டி கனம் என்பதால் பெரிய கிரேன் வேண்டும். லாரி போகும் சாலையின் அகலத்துக்கும் பாலத்தின் உயரத்துக்கும் ஏற்பவே அறையின் அளவு அமையும். பெட்டியோடு பெட்டி சேரும் இடத்தில் சுவர் இரட்டையாகி வீட்டின் உள் அளவைக் கொஞ்சம் தின்னும். வழக்கமான முறையைவிடச் செலவும் கூடுதல். எல்லாக் கட்டடமும் இப்படித்தான் வர வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. குளியலறையை மட்டும் முழுதாகச் செய்து பொருத்துவது, குழாய்களையெல்லாம் ஒரு சட்டத்தில் கட்டி மொத்தமாகக் கூரையில் மாட்டுவது போன்ற சின்ன வழிகள் அதிகச் சத்தமில்லாமல் பலன் தருகின்றன.

2020 ஏப்ரலில் கொரோனா காரணமாகப் பெரும்பாலான கட்டுமானத் தளங்கள் மூடப்பட்டன. 3 லட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டு ஊழியர்கள் தங்குவிடுதிகளில் அடைபட்டார்கள். நோய் மிக அதிகமாகப் பரவியது அந்த நெருக்கமான அறைகளில்தான். ஒரு துறை முழுவதும் எவ்வளவு பேரின் உடல் உழைப்பின்மேல் நிற்கிறது என்பது அப்போது யாராலும் மறைக்க முடியாதபடி தெரிந்தது. தொழிற்சாலை வேலையை நோக்கிய தள்ளல் அதன்பின் கூடியது. 2024 ஜனவரி முதல், தளத்தில் வேலைசெய்யும் அடிப்படைத் திறன் ஊழியருக்கு நிறுவனம் கட்டும் மாதத் தீர்வை 900 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். அவரே முன்தயாரிப்புத் தொழிற்சாலை போன்ற வெளியிடத்தில் வேலை செய்தால் 370 வெள்ளி. கொள்கை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடும்.

ஊழியருக்கு இதில் என்ன மாறுகிறது? நிழலில் வேலை, உயரத்தில் நிற்கும் ஆபத்து குறைவு என்பது உண்மையான நன்மை. 5 மில்லியன் வெள்ளியும் அதற்கு மேலும் மதிப்புள்ள கட்டுமானத் தளங்களில் 2024 ஜூன் முதல் கண்காணிப்புக் கேமரா கட்டாயம். விபத்தை ஆராய அது உதவும். நாள் முழுவதும் ஒரு கண் மேலே இருப்பதை எல்லோரும் விரும்புவதில்லை என்பதும் உண்மை. கொத்தனாரின் கைத்திறனுக்கு முன்பிருந்த விலை, பெட்டியைச் சரியான புள்ளியில் இறக்கும் குழுவுக்கும், கையில் டேப்லெட்டோடு மாடலைப் பார்த்து அளவெடுக்கும் மேற்பார்வையாளருக்கும் நகர்கிறது. மிச்சமாகும் ஆள்நேரம் பற்றி அறிக்கைகள் நிறையப் பேசுகின்றன. அந்த மிச்சத்தில் எவ்வளவு, கடன் வாங்கிக் கப்பலேறிய ஊழியரின் சம்பளத்தில் சேர்கிறது என்பதைப் பற்றி அதே ஆர்வத்தோடு யாராவது எழுதினால் நன்றாக இருக்கும்.

கட்டி முடித்த பிறகும் மாடலுக்கு வேலை உண்டு. எந்தக் குளிரூட்டி எப்போது பழுதுபார்க்கப்பட்டது, எந்தக் குழாய் எந்தச் சுவருக்குள் போகிறது என்று பராமரிப்பவர் அதில் பார்க்கலாம். பொங்கோல் டிஜிட்டல் வட்டாரத்தில் கட்டடங்களின் குளிரூட்டல், மின்சாரம், பாதுகாப்பு அமைப்புகளை ஒரே தளத்தில் இணைத்திருக்கிறார்கள். இது இன்னும் வளர்ந்துவரும் பகுதி என்பதால் இங்கே விரித்து எழுதவில்லை.

புதிதாகக் கற்க விரும்புகிறவர்கள் விலையுயர்ந்த மென்பொருளில் தொடங்க வேண்டியதில்லை. ஐஎஃப்சி வடிவத்தைப் பராமரிக்கும் பில்டிங்ஸ்மார்ட் அமைப்பு மாதிரிக் கோப்புகளை இணையத்தில் வைத்திருக்கிறது. ஃப்ரீகேட் என்ற இலவச மென்பொருளில் அவற்றைத் திறக்கலாம். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருள் தெரிந்தவர்களுக்கு அதற்கான இலவச இணைப்பு நிரலும் கிடைக்கிறது. கோப்பைத் திறந்து ஒரு சுவரைத் தட்டி, பக்கத்தில் விரியும் பண்புகளின் பட்டியலைப் படியுங்கள். எந்தெந்தக் கட்டங்கள் நிரப்பப்படாமல் காலியாக இருக்கின்றன என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மாடல் சோதிக்கும் வேலைக்குப் போனால் முதலில் தேடச் சொல்வது அவற்றைத்தான்.